பாதி வேகத்தில் ஒரு சிரிப்பு

லாச்சப்பல், பாரிஸ்
14 ஜனவரி 2024

என்ரை பிள்ளை மிருணாளினிக்கு,

இதை எழுதுகிறது அப்பா. கையெழுத்தைப் பார்த்து டொக்டர் எழுதின மருந்துத் துண்டு என்று நினைத்து எறிந்துபோடாதே. உன்ரை விலாசத்தை உன்ரை சிநேகிதி சாண்ட்ராவிடம் வாங்கினேன். அவளை ஏசாதே. கடை வாசலில் நின்று நான் மூக்கை உறிஞ்சின சத்தம் தாங்காமல் தந்தவள்.

போனில் என்ரை நம்பரை மறித்துவிட்டாய். அம்மாவின் நம்பரில் எடுத்தேன், அதையும் மறித்தாய். பக்கத்துக் கடைத் தோமா அண்ணையின் நம்பரில் எடுத்தேன். "அலோ" என்றாய். நான் "பிள்ளை" என்று வாயைத் திறந்ததுதான், அவருக்கும் அதே கதி. பாவம், உன்னோடு ஒரு சண்டையும் இல்லாத மனுஷன்.

விமானம் ஏறப்போகிற நேரம் என்ன சொன்னாய்? "ஏதும் சொல்ல இருந்தால் எழுதுங்கள், எழுதும்போதாவது யோசிப்பீர்கள்." பிரெஞ்சில் சொன்னாய், நான் தமிழில் ஞாபகம் வைத்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். யோசிக்கிறேனோ தெரியாது. ஓ லெவல் கணக்கை இரண்டு தரம் எடுத்து இரண்டு தரமும் கோட்டை விட்டவன் யோசித்தால் என்ன வரும்?

கோபம் எதற்கென்று எனக்குத் தெரியும். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் டீவியில் ஓடுகிற உன்ரை சாமத்திய வீட்டு வீடியோ. அதை அங்கேயிருந்து எடுக்கச் சொல்லிப் பதினாறு வயதிலிருந்து கேட்கிறாய். ஆனால் பிள்ளை, சாம்பிள் ஓடாத வீடியோக் கடைக்கு ஆர் வருவான்? தாய்மார் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பார்கள். பல்லக்கு வரும், குடை வரும், நீ இறங்குவாய், கடைசியில் திரும்பிச் சிரிப்பாய். உள்ளே வந்து கேட்கிறது ஒன்றுதான்: "அண்ணை, இப்பிடித்தான் எங்கடை பிள்ளைக்கும் வேணும்." எத்தனையோ பெண்பிள்ளைகளை எடுத்தேன், ஒருத்தியும் உன்னைப் போலத் திரும்பவில்லை.

நீ விரும்புகிற பெடியன் லூடோவிக்கின் தாய் தகப்பன் கார் டு நோர் ஸ்டேஷனில் இறங்கி இந்தத் தெருவால் நடந்து வருவார்கள் என்று எனக்கு ஆர் சொன்னது? "ஏன் உன்னைச் சின்ன வயதிலேயே கலியாணம் கட்டிவைத்தார்கள்?" என்று கேட்டார்களாம். கலியாணம் இல்லை, நான் பெரியபிள்ளையானதை ஊரைக் கூட்டிக் கொண்டாடினது என்று நீ விளங்கப்படுத்தினாயாம். அதற்குப் பிறகு இன்னும் மோசமாகப் பார்த்தார்களாம். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது.

அதற்காக ஜப்பான் வரைக்கும் போகவேணுமா? ஏதோ பழைய நடிகையைப் பற்றி ஆராய்ச்சியாம், அம்மா சொன்னா. அவ ஆர் என்றாவது எழுது. ஒரு வகையில் நானும் சினிமாக்காரன்தானே.

பதிலைத் தமிழில் எழுது. பிரெஞ்சில் ஏசினால் எனக்குப் பாதி விளங்காது, ஏச்சு வீணாய்ப் போகும்.

அப்பா


கியோத்தோ
3 பெப்ரவரி 2024

அப்பா,

தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ் இது. அங்கே கோபப்படுவதற்கான சொற்களைக் கற்றுத்தரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் பெயர் நமிக்கோ தொக்குரா. பதினைந்து வயதில் அவளுடைய தகப்பன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ஸ்டூடியோவில் விட்டார். பதினாறு வருஷம் நடித்தாள். எல்லாப் படத்திலும் மகள். எல்லாப் படத்தின் முடிவிலும் கலியாணத்துக்குப் புறப்பட்டு, வாசலில் நின்று தகப்பனைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் காலண்டரில் போட்டார்கள், சவர்க்கார உறையில் போட்டார்கள். வீட்டுக்கு வீடு தகப்பன்மார் அவளைத் தங்கள் மகள் என்றார்கள்.

1964இல் ஒருநாள், படப்பிடிப்பின் நடுவில், முகத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து ஒரு புகைப்படம் இல்லை, ஒரு பேட்டி இல்லை. வாசலில் கமராக்கள் நிற்கும் என்று தகப்பனின் செத்தவீட்டுக்கும் போகவில்லை. இப்போது தொண்ணூற்றொரு வயது. இந்த நகரத்தில்தான் தனியாக இருக்கிறாள்.

இதிலிருந்து உங்களுக்கு விளங்கவேண்டியது ஒன்றுதான். டீவியை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு எழுதுங்கள்.

மிருணாளினி


லாச்சப்பல்
25 பெப்ரவரி 2024

பிள்ளைக்கு,

உன்ரை நமிக்கோ அம்மாவைப் பார்த்துவிட்டேன்! சென் மிஷேல் பக்கம் ஒரு சின்னத் தியேட்டரில் அவவின் பழைய படங்கள் போடுகிறார்கள். உள்ளே ஏழு பேர். அதில் பாதி மழைக்கு ஒதுங்கின ஆட்கள். மற்றவர்கள் என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்திருப்பார்கள்.

முதல் அரை மணித்தியாலம் நித்திரை. ஒருத்தரும் கத்தவில்லை, ஒருத்தரும் ஓடவில்லை, ஒரு பாட்டும் இல்லை, மனுஷன் என்ன செய்கிறது? ஆனால் கடைசியில் தகப்பன் சப்பாத்தைத் தேடிக்கொண்டு நிற்க, அவ வாசல் படலையடியில் திரும்பிச் சிரித்தா பார். நான் மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிட்டேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார மனுஷி கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சி தந்தா. அப்போதுதான் விளங்கியது, நீ ஏன் அவவைத் தேடிப் போனாய் என்று. அதே சிரிப்பு பிள்ளை! எங்கடை கண்ணாடியில் ஓடுகிற அதே சிரிப்பு.

டீவி விஷயம். பொய் சொல்லமாட்டேன், நிறுத்தவில்லை. ஆனால் பாதி வழி வந்திருக்கிறேன். சத்தத்தை நிறுத்திவிட்டேன். முன்னால் ஒரு பிளாஸ்டிக் மணிபிளான்ட் வைத்திருக்கிறேன். இப்ப உன்ரை இடது பக்கக் கன்னம் தெரியாது. அம்மா, "பிள்ளை சொன்னதைச் செய்யுங்கோவன்" என்று ஒரே பிடி. மண்டபக்காரருக்கு இப்பதான் சீசன் தொடங்குது, முடியட்டும் என்றேன்.

பாதி வழி நான் வந்தால் மற்றப் பாதி நீ வரவேணும் எல்லே?

அப்பா


கியோத்தோ
28 மார்ச் 2024

அப்பா,

மணிபிளான்ட் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

அந்தச் சிரிப்பைப் பற்றி எழுதுகிறேன். அது சிரிப்பு அல்ல. நடிப்பை விடுவதற்கு முந்திய வருஷம் தொக்குரா ஒரு பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறாள். அவளை மணிக்கணக்காக வாசலில் நிறுத்திவைத்து, எல்லோர் முன்னாலும் ஏசுவார்களாம். அவள் அழத் தொடங்குவாள். அழத் தொடங்குகிற முகத்தில் முதலில் வாய் விரியும், கன்னம் மேலே ஏறும். அதை மெதுவாக ஓடவிட்டு, கண்ணீர் வருவதற்கு முதல் வெட்டிவிட்டால் சிரிப்பு. ஒரு நாடு முழுவதும் அதைப் பார்த்து உருகியது.

உங்களுக்கு இது தெரியாதா?

சாமத்திய வீட்டன்று சென் தெனி மண்டபத்தில் வெளிச்சம் சரியில்லை என்று என்னைப் பல்லக்கிலிருந்து மூன்று தரம் இறக்கினீர்கள். வயிறு வலிக்கிறது என்றேன். சீலை இடுப்பை வெட்டுகிறது என்றேன். மூன்றாம் தரம் அம்மா முதுகுப் பக்கம் கிள்ளினா. நான் திரும்பி உங்களைப் பார்த்தேன், நீங்கள் வந்து தூக்குவீர்கள் என்று. நீங்கள் கமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. பிறகு அதைப் பாதி வேகத்தில் போட்டு, மேலே பாட்டுப் போட்டு, நான் அழ முதல் வெட்டினீர்கள். பன்னிரண்டு வயதிலிருந்து அந்தத் தெருவில் நான் அழத் தொடங்கிக்கொண்டே நிற்கிறேன். பொபினிப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த பெடியன்கள் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று போனில் பதிந்துகொண்டு போனார்கள். நீங்கள் அவர்களுக்கு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தீர்கள், மகளின் நண்பர்கள் என்று.

நான் உங்களைப் போல இல்லை. தொக்குராவுக்கு முறைப்படி கடிதம் எழுதினேன். ஒரு வரியில் பதில் வந்தது: "தயவுசெய்து என்னைப் பார்க்க வராதீர்கள்." நான் போகமாட்டேன். ஜூனோடு என் காலம் இங்கே முடிகிறது. "புதிதாக என்ன கொண்டுவருகிறாய்?" என்று பேராசிரியர் கேட்கிறார். ஒன்றுமில்லை என்றுதான் சொல்லவேண்டும். சொல்வேன்.

மிருணாளினி


லாச்சப்பல்
14 ஏப்ரல் 2024

பிள்ளைக்கு,

ஏச்சு முழுதும் விளங்கியது. சனிக்கிழமை வகுப்பு வீண்போகவில்லை.

நீ அழுதாய் என்று எனக்குத் தெரியாமல் இருக்குமா? கமராவுக்குப் பின்னால் நின்றது நான்தானே. ஆனால் அழுகிற பிள்ளையின் வீடியோவை ஆர் பார்ப்பான்? சனம் பார்த்து ஆசைப்படுகிற மாதிரி உன்னை ஆக்கினேன். நான் படித்த வித்தை அவ்வளவுதான். டொக்டராய் இருந்திருந்தால் வயிற்று வலிக்கு மருந்து தந்திருப்பேன்.

பேராசிரியருக்கு வெறுங்கையைக் காட்டாதே. நான் ஒன்று சொல்லுறன், கேள். கமராவைத் தூக்கிக்கொண்டு போய் "எடுக்கலாமா?" என்று கேட்டால் எந்த மனுஷியும் மாட்டேன் என்றுதான் சொல்லும். ஓம் என்று சொன்னாலும் முகம் மரக்கட்டையாகிவிடும். அவ எப்படியும் குப்பை போட வெளியே வரத்தானே வேணும்? அங்கை குப்பைக்கு நாள் குறித்திருப்பார்கள் என்று தோமா அண்ணை சொல்கிறார். அந்த நாள் காலமை போய் நில். போனை நெஞ்சோடு பிடி. அவவைப் பாராதே, வேறெங்கேயோ பார். கூச்சப்படுகிற தாய்மாரை நான் அப்படித்தான் எடுக்கிறது. பிறகு வீடியோவில் தங்களைக் கண்டு சந்தோஷப்படுவார்கள்.

சும்மா சொன்னேன். நீ படித்த பிள்ளை, உனக்கென்று முறைவழி இருக்கும்.

அப்பா


கியோத்தோ
9 ஜூன் 2024

அன்புள்ள அப்பா,

நமிக்கோ தொக்குரா சிரித்தாள்! அறுபது வருஷத்துக்குப் பிறகு! சாண்ட்ராவிடம் கேளுங்கள், காட்டுவாள். இப்போது எல்லோருடைய போனிலும் ஓடுகிறது. வீட்டு வாசலில், கையில் குப்பைப் பையோடு, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். எப்படி எடுத்தாய் என்று மட்டும் கேட்கவேண்டாம்.

பேராசிரியர் தானாகவே போன் எடுத்து, இங்கே என் காலத்தை நவம்பர்வரை நீட்டித்தந்தார். ஜப்பானியத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். "உலகத்தை மன்னித்த சிரிப்பு" என்று எழுதுகிறார்கள். நவம்பரில் பாரிசில் ஒரு மண்டபத்தில் இதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். லூடோவிக்கின் தாய் பூங்கொத்து அனுப்பியிருந்தா.

அம்மாவின் நம்பரைத் திறந்துவிட்டேன். உங்களுடையதையும் திறப்பேன். ஒன்று மட்டும், இந்த முறை கோபமில்லாமல் கேட்கிறேன்: அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள் அப்பா. நவம்பரில் வரும்போது லாச்சப்பலில் நிமிர்ந்து நடக்க ஆசையாக இருக்கிறது.

உங்கள்
மிருணா


லாச்சப்பல்
30 ஜூன் 2024

என்ரை செல்லப் பிள்ளைக்கு,

பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். சாண்ட்ரா தன்ரை போனைத் திருப்பிக் கேட்கும்வரை பார்த்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த வயதிலும் என்ன வடிவு" என்றா. தோமா அண்ணை தன்ரை கடைக்கு வந்த எல்லாருக்கும் ரீ ஊற்றிக் கொடுத்தார், தான் பெற்ற பிள்ளை மாதிரி.

கை கொஞ்சமும் ஆடவில்லை. நெஞ்சோடுதான் பிடித்திருக்கிறாய், உயரத்தில் தெரியுது.

இனி ஒன்று கேட்கிறேன், எனக்கு மறைக்காதே. பாதி வேகம்தானே? குப்பைப் பை ஆடுகிற ஆட்டத்தில் பிடித்துவிட்டேன். உண்மையான குப்பை அப்படிப் பஞ்சு மாதிரி மிதக்காது. முகம் விரிந்து கன்னம் ஏறி வருது, கண் கலங்க முதல் வெட்டிவிட்டாய். சரியான இடம்! நான் என்றால் ஒரு இமைப்பொழுது பிந்தியிருப்பேன், காரியம் கெட்டிருக்கும். பிள்ளைக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்காத தகப்பன் என்று எனக்குள்ளே ஒரு கவலை இருந்தது. இனி இல்லை. நீ என்ரை பிள்ளை.

சந்தோஷத்தில் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டு டீவியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டேன். அம்மாவுக்கு நாடகம் போச்சு. கண்ணாடியில் இப்ப இரண்டு டீவி. இந்தப் பக்கம் நீ திரும்பிச் சிரிக்கிறாய், அந்தப் பக்கம் அவ திரும்பிச் சிரிக்கிறா. மணிபிளான்டை எடுத்துவிட்டேன், மறைக்குது. சனம் நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்குது.

"ஆரண்ணை உந்தக் கிழவி?"

"ஜப்பான் நடிகை. எடுத்தது என்ரை மகள்."

"மகள் எங்கை?"

"இஞ்சாலை நிக்கிறாள், பாருங்கோ."

உன்னைக் கண்ணாடியிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்டாய். இப்ப எடுத்தால் இந்தக் கதையை எப்படிச் சொல்கிறது? நீயே வந்து பார். பார்த்தால் எடுக்கச் சொல்லமாட்டாய்.

அப்பா


கியோத்தோ
22 செப்டெம்பர் 2024

அப்பா,

தொக்குரா போன கிழமை இறந்துவிட்டாள்.

ஜூன் கடைசியிலிருந்தே அவள் வீட்டின் முன்னால் ஆட்கள் போனோடு நிற்கத் தொடங்கினார்கள். "இன்னொரு தரம் சிரியுங்கள்" என்று பிள்ளைகள் கூப்பிட்டார்களாம். அவள் ஜன்னல் பலகைகளை மூடினாள். பிறகு வெளியே வரவில்லை. குப்பையும் வெளியே வரவில்லை. மணம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிட்டார்கள். கதவை உடைத்தபோது உயிர் இருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது முகத்தைத் தலையணை உறையால் மூடிக்கொண்டாளாம். அதையும் ஒருவன் எடுத்திருக்கிறான்.

எல்லாப் பத்திரிகையிலும் மரணச் செய்திக்கு ஒரே படம். காலண்டர்ப் படம் அல்ல. நான் எடுத்தது. குப்பைப் பையோடு.

குப்பை நாளில் போய் நிற்கச் சொன்னது நீங்கள். எனக்கு அப்படி ஒரு யோசனை வந்திருக்காது. அதை நீங்கள் மறக்கக் கூடாது.

பாதி வேகம் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அதை யாருக்கும் சொல்லவேண்டாம். அம்மாவுக்கும் வேண்டாம், தோமா மாமாவுக்கும் வேண்டாம். என் ஆராய்ச்சி முழுவதும் இப்போது அந்தச் சிரிப்பில்தான் நிற்கிறது.

அவளைக் கண்ணாடியிலிருந்து எடுங்கள். இன்றைக்கே.

நவம்பரில் பேச வருகிறேன். லூடோவிக்கின் குடும்பம் வருகிறது, பேராசிரியர் வருகிறார். நீங்கள் வரவேண்டாம்.

மிருணாளினி


லாச்சப்பல்
24 நவம்பர் 2024

பிள்ளைக்கு,

உன்ரை கடிதம் கிடைத்த அன்றைக்கே நமிக்கோ அம்மாவை நிறுத்திவிட்டேன். டீவி வீட்டுக்குப் போய்விட்டது, அம்மா பழையபடி நாடகம் பார்க்கிறா. ஆரும் அந்தக் கிழவி எங்கே என்று கேட்கவில்லை.

வரவேண்டாம் என்றாய், வந்தேன். ஏசு. பின்வரிசையில் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நேரத்தோடு போனேன். கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு கோட் கொழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றது பிழையாய்ப் போச்சு. உன்ரை பேராசிரியர் வந்தார், தன்ரை மேற்கோட்டைக் கழற்றி என்ரை கையில் தந்தார். என்ன செய்கிறது? வாங்கிக் கொழுவினேன். பின்னால் வந்தவர்களும் தந்தார்கள். அப்படியே வேலை கிடைத்துவிட்டது. இந்த நாட்டில் எனக்கு இவ்வளவு சுகமாய் ஒரு வேலையும் கிடைத்ததில்லை.

கதவு திறந்திருந்தபடியால் நீ பேசினது கேட்டது. நல்ல பிரெஞ்சு, எனக்குப் பாதி விளங்கவில்லை. சிரிப்பு, சிரிப்பு என்று அடிக்கடி சொன்னாய், அது விளங்கியது. திரையில் அவ திரும்பினபோது சனம் மூச்சு விடவில்லை. எல்லாரும் எழும்பிக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கையில் யாரோ ஒரு மனுஷியின் தொப்பியோடு.

போகிற நேரம் நீ லூடோவிக்கின் தாயோடு வந்தாய். என்னைக் கண்டாய். கண்டது எனக்குத் தெரியும். அவவின் கோட்டைக் கொடுத்தேன். உன்ரை கோட்டைக் கொடுத்தேன். "மெர்சி, மிசியு" என்றாய், ஆரோ தெரியாத ஐயாவுக்குச் சொல்கிற மாதிரி. முகத்தில் ஒரு சிரிப்பு. நான் "து ரியான்", பரவாயில்லை என்றேன். அவ்வளவுதான். இரண்டு பேரும் நல்லாய் நடித்தோம். அம்மாவிடம், பிள்ளை பக்கத்தில் வந்து கதைத்தவள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி நீ கேட்ட விஷயம். கண்ணாடியில் நீ இல்லை. எடுத்துவிட்டேன். என்னால்தான் எடுபட்டது என்று பெருமை அடிக்க ஆசைதான், ஆனால் அப்படி இல்லை. கூசேன்விலில் இருந்து ஜெகதீஸ்வரி என்று ஒரு தாய் வந்தா. மகளின் சாமத்திய வீட்டுக்கு ஆள் பிடிக்க. டீவியைப் பார்த்துவிட்டு, "ஆரண்ணை உந்தப் பிள்ளை? சீலையும் கொண்டையும் எந்தக் காலத்து ஸ்டைல்! இப்ப ட்ரோன் இல்லாமல் ஆர் எடுக்கினம்? உதைப் பாத்தால் உள்ளுக்கை வரவே மனம் வராது" என்றா. "தெரிஞ்ச ஆக்களின்ரை பிள்ளை" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே எடுத்துவிட்டேன். பதினாறு வயதிலிருந்து நீ கேட்டு நான் செய்யாததை அந்த மனுஷி ஒரு ரீ குடித்து முடிக்க முதல் செய்வித்துவிட்டா. உன்ரை படம் ஓடி முடிந்தது பிள்ளை. நீ இனி இந்தத் தெருவில் நிமிர்ந்து நடக்கலாம். ஒருத்தருக்கும் உன்னைத் தெரியாது.

போன சனிக்கிழமை அவவின் மகளை எடுத்தேன். ட்ரோன், சாரட்டு வண்டி, புகை எல்லாம். பிள்ளை காலமையில் இருந்து அழுகை. வண்டியால் இறங்கும்போதும் அழுகை, ஆலத்தி எடுக்கும்போதும் அழுகை. நேற்று ஜெகதீஸ்வரி கடைக்கு வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தா.

"அண்ணை, சிரிக்கிற மாதிரி ஏதும் செய்யேலுமே?"

"ஏலும்" என்றேன்.

செய்து காட்டினேன். அவவுக்கு வாய் மூடவில்லை. புதுச் சாம்பிளாய்க் கண்ணாடியில் அதைத்தான் போடவேணும் என்கிறா. "உதெல்லாம் நீங்கள் ஒராள்தான் செய்யிறனீங்களோ?" என்று கேட்டா. எங்கடை வீட்டில் இரண்டு பேருக்கு இந்த வேலை தெரியும் என்று வாய்வரை வந்தது.

யாருக்கும் சொல்லவேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். சொல்லவில்லை.

அப்பா